மரை போனால் வண்டி போகாது

பழைய புல்லட்டின் இன்ஜின் மூடியில் ஒரு போல்ட் பாதியில் முரண்டு பிடிக்கிறது. அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை வழுக்கிவிடும்.

1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து சென்னைக்குக் கொண்டுவந்த வண்டி இது. பழைய மாடல்களில் பிரிட்டிஷ் மரைகள் இருக்கும். ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றில் மற்றொன்றை முறுக்கினால் மரை கெடும். மரையை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே மரை வெட்டும் டேப்பைத் தொட வேண்டும்.

லேசாக நசுங்கிய மரைக்குக் கைவேலையே போதும். துளையைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் விட்டு, டேப்பை நேராக நிறுத்தி விரலால் திருக வேண்டும். பிறகு கைப்பிடி: அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போதுதான் பிசிறு உடைந்து வழிவிடும். இறுகினால் வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும்.

மரை முழுவதும் போயிருந்தாலும் வழி உண்டு. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் எனும் எஃகுச் சுருளைச் செருகினால் பழைய அளவு போல்ட்டே பொருந்தும். பிடிப்பும் முன்பைவிட உறுதியாக இருக்கும்.

மூடியையே மாற்றச் சம்மதிக்கும் முன், மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.