பெயர் சுட்டாமையும் இனவரைவியலின் கடனும்

முன்னுரை

ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வை எழுதுவோர் அம்மக்களுக்குக் கடன்பட்டோர் ஆவர். அக்கடன் எத்தகையது, அதனைத் தீர்க்கும் வழி யாது என்னும் வினா இனவரைவியலின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகிறது. மைசூர் வட்டாரத்தில் களப்பணி செய்து, பெங்களூரில் தம் இறுதிக்காலத்தைக் கழித்த சமூக மானிடவியலறிஞர் எம். என். சீனிவாஸ் (1916-1999) அவர்களின் பணியை முன்வைத்து, ஆய்வாளர் எதனை வெளியிடலாம், யார் பெயரைச் சுட்டலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு தோற்றுவாய்கள்

இத்துறை எல்லா நாட்டிலும் ஒரே நோக்கில் தோன்றவில்லை. ஆப்சுபர்க் பேரரசுக்கு உட்பட்டிருந்த செக் மக்கள் தம் மொழியையும் வழக்காறுகளையும் தாமே தொகுத்தனர். 'செக் மக்கள்' என்று பொருள்படும் பெயருடைய ஆய்விதழை 1891இல் தொடங்கினர். 1895இல் பிராகா நகரில் இனவரைவியல் கண்காட்சி ஒன்றையும் நடத்தினர். எழுதியோரும் எழுதப்பட்டோரும் 'நாம்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கினர்.

தென்னிந்தியாவில் நிலைமை வேறு. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலுக்குப் பின்னணியாக அமைந்தவற்றுள் மண்டையையும் மூக்கையும் அளந்த அளவைகளும் உண்டு. மைசூர் அரசில் எச். வி. நஞ்சுண்டையா மேற்கொண்ட சாதி, பழங்குடி ஆய்வை எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் நூல்தொகுதிகளாக நிறைவு செய்தார். ஆய்வாளர் இந்தியர் ஆயினர். சாதிவாரியாகப் பகுத்து விவரிக்கும் முறை மாறவில்லை.

இவற்றுள் முன்னது அறம், பின்னது அறமன்று என எளிதில் முடிவு செய்தல் பொருந்தாது. செக் நாட்டிலும் எழுதியோர் பெரும்பாலும் கற்றோர். எழுதப்பட்டோர் பெரும்பாலும் உழவர். 'நாம்' என்னும் சொல் அவ்விடைவெளியை மறைத்ததேயன்றி நீக்கவில்லை.

நினைவில் நின்ற ஊர்

சீனிவாஸ் மைசூரில் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். ஆக்சுபோர்டில் பயின்றபின் 1948இல் மைசூருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். அவ்வூருக்கு 'இராம்புரா' என்னும் புனைபெயர் இட்டார். 1970 ஏப்ரலில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்தில் தீ வைக்கப்பட்டபோது, பல்லாண்டு உழைப்பில் ஒழுங்குபடுத்திய களக்குறிப்புகளின் படிகள் எரிந்தன. பின்னர் நினைவையே பெரிதும் சார்ந்து எழுதிய 'நினைவில் நின்ற ஊர்' எனத்தக்க நூல் 1976இல் வெளிவந்தது.

ஊர்த்தலைவரின் ஆதரவில் தங்கிய, பிராமணராகிய தம் பார்வை மேல்சாதியினரின் பக்கம் சாய்ந்தது என்பதை அவரே அந்நூலில் ஒப்புக்கொண்டார். தம் நாட்டு மக்களைத் தாமே ஆராய்ந்தாலும் தொலைவு நீங்குவதில்லை என்பதற்கு இவ்வொப்புதல் தக்க சான்றாகும்.

அகமும் புறமும்

புனைபெயர் இடுவதால் கடன் தீருமா? இவ்வினாவுக்குத் தமிழ் மரபில் ஓர் அளவுகோல் உண்டு. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. புறத்திணையிலோ பெயர் சுட்டுதல் இயல்பு. கொடையும் வீரமும் உரியவர் பெயரோடு நிற்க வேண்டியவை.

அகத்தில் பெயர் நீங்கும்போது தனியொருவரின் அடையாளமும் உடன் நீங்குகிறது. தலைவி எவளாகவும் ஆகலாம். இனவரைவியலிலோ பெயர் நீங்கினும் குடும்பம், தொழில், பகை, வழக்கு ஆகிய தனியடையாளங்கள் எஞ்சுகின்றன. வெளியூரார் அறியார், அண்டை வீட்டார் அறிவர். எனவே, பாதுகாப்பு வேண்டியவிடத்து அப்புனைபெயர் போதிய காப்பு ஆவதில்லை. 'இராம்புரா'வின் உண்மைப் பெயரும் பின்னர் வெளிப்பட்டது. இக்கட்டுரைக்கு அப்பெயர் தேவைப்படாமையின் இங்குச் சுட்டப்படவில்லை.

மறுபுறம், பாடல் அறிந்த மூதாட்டியையும் மருந்து அறிந்த முதியவரையும் பெயரின்றி விடுதல் அவர்தம் புலமையை ஆய்வாளரின் உடைமையாக்குவதாகும். நம் தமிழ்த்துறை ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் தருவது வழக்கம். பாடியவர் அங்கே பெயர், வயது, சாதி, ஊர் என்னும் கட்டங்களுள் அடங்குகிறார். புலவர் என்னும் மதிப்பு அவருக்குக் கிட்டுவதில்லை. அவர் வெளியிட விரும்பியிராத சாதிப்பெயரோ அச்சேறிவிடுகிறது.

ஆகவே, நம்பிக் கூறியதற்கு அகத்தின் நெறியும், கலையாகவும் அறிவாகவும் வழங்கியதற்குப் புறத்தின் நெறியும் பொருந்தும் எனலாம். எது அகம், எது புறம் என வகுக்கும் உரிமை யாருக்கு என்னும் தடை இங்கு எழலாம். ஒரே தாலாட்டு ஒருத்திக்குப் பெருமையாகவும், மற்றொருத்திக்குச் சொல்லலாகாத் துயராகவும் இருக்கக்கூடும். எனவே அவ்வுரிமை கூறியவருக்கே உரியது. ஆய்வாளர் கேட்டறிந்து ஒழுக வேண்டியவர்.

முடிவுரை

எரிந்த குறிப்புகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. தாள்கள் அழிந்தபோது அறிஞர் பெரிதும் வருந்தினார். எனினும் அத்தாள்களில் இருந்த வாழ்வு அழியவில்லை. அது அவ்வூராரிடமே இருந்தது. குறிப்பு ஆய்வாளருடையது, வாழ்வு அவர்களுடையது. இவ்வேறுபாட்டை மறவாமல், அச்சிடுமுன் மீண்டும் ஒருமுறை அவ்வூருக்குச் சென்று 'இதனை எழுதலாமா? உங்கள் பெயரை இடலாமா?' எனக் கேட்பதே கடன் தீர்க்கும் முதற்படியாகும். 'வேண்டா' என்னும் விடையையும் ஏற்கும் துறையே தன்னை அறிவுத்துறை என்று கூறிக்கொள்ளும் தகுதியுடையது.