ஆங்கிலத்தைப் பற்றிப் படித்தது போதும்

பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் ஒரு பாடமாக உன் பையில் இருந்தது. பொதுத்தேர்வில் எழுபதோ எண்பதோ வாங்கித் தேறியும் விட்டாய். ஆனால் கல்லூரியில் பேராசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தத் தொடங்கியதும் உன் தோள் குறுகிவிட்டது. விடை தெரிந்த கேள்விக்குக்கூட நீ கை தூக்கவில்லை. வங்கித் தேர்வில் கணக்குப் பகுதியை வெளுத்து வாங்கியவன், காம்ப்ரிஹென்ஷன் பத்தியைக் கண்டதும் குத்துமதிப்பாக விடை குறித்துவிட்டு எழுந்து வந்தாய். நர்ஸிங் முடித்துவிட்டு, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் பயந்து, வெளிநாட்டு வேலையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் தங்கைகள் எத்தனை பேர்! உங்கள் எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம்: எனக்கு இங்கிலீஷ் வராது.

அது பொய். உனக்கு வராத எதுவும் அந்த மொழியில் இல்லை. ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், யாருடைய உதவியும் இல்லாமல், பொருள் புரிந்து, நீயாக வாசித்த ஆங்கிலப் பக்கங்கள் எத்தனை? பாடத்தின் கருத்தைக் கைடு தமிழில் சொல்லிவிட்டது. கேள்விக்கு விடையும் கைடிலேயே இருந்தது, மனப்பாடம் செய்தாய். ஆக்டிவ் வாய்ஸைப் பேஸிவ் வாய்ஸாக மாற்றும் சூத்திரம் உனக்கு அத்துப்படி. ஆனால் பேஸிவ் வாய்ஸ் இயல்பாக வரும் ஒரு செய்தியை, ஒரு கதையை நீ வாசித்ததே இல்லை. நீ படித்ததெல்லாம் ஆங்கிலத்தைப் பற்றி. ஆங்கிலத்தை இனிமேல்தான் படிக்கப் போகிறாய். பழகாத ஒன்று வராமல் போனதற்கு உன் அறிவின்மேல் பழி போடாதே.

உன் அறிவைப் பற்றிச் சொல்கிறேன், கேள். வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. வந்தது யார், ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா என்பதையெல்லாம் வினைச்சொல்லின் வாலிலேயே கட்டிவிடுகிற மொழி உன்னுடையது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'கேம்' என்ற ஒரே சொல்தான். 'ரைட்' என்ற வினையை எடுத்துக்கொள். ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங் என்று ஐந்து வடிவங்களோடு கதை முடிந்தது. ஆகப் பெரிய வினையான 'பி'க்குக்கூட ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் எல்லாம் சேர்த்து எட்டு வடிவங்கள்தான். எட்டு வேற்றுமைகளையும் இத்தனை விகுதிகளையும் பள்ளிக்கூடம் போகும் முன்பே பிழையில்லாமல் ஆண்ட பிள்ளை நீ. யாரும் உனக்கு நன்னூல் சூத்திரம் சொல்லித் தரவில்லை. ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் உன் காதில் விழுந்தன. இலக்கணம் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மூளைதான் இன்னும் உன் தலைக்குள் இருக்கிறது. அதற்குத் தீனி போடு!

பசிபிக் கடலில், பாரதி கண்ணீர் விட்டுப் பாடிய அதே பிஜித் தீவில், இதைச் சோதித்தே பார்த்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த பிள்ளைகளும் பிஜியின் பூர்வகுடிப் பிள்ளைகளும் படிக்கும் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள். வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. வகுப்பிலும் புத்தகங்கள் சொற்பம். 1980-இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குள் படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். வகுப்புக்குச் சுமார் 250 புத்தகங்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார்; சிலவற்றில் பிள்ளைகள் தாமாகவே அமைதியாக வாசித்தார்கள். வேறு சில வகுப்புகள் வழக்கமான வாக்கியப் பயிற்சியையே தொடர்ந்தன. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கதை வாசித்த பிள்ளைகளின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த வளர்ச்சி அவர்களுடைய எழுத்திலும் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத எந்தக் குறை உனக்கு இருக்கிறது? சொல்!

எங்கே இடறுகிறது என்பதையும் தெரிந்துகொள். பயம் பாதி, குழப்பம் பாதி. குழப்பத்துக்குக் காரணம் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். வருணனையெல்லாம் பெயருக்கு முன்னால் வரும். 'எனக்குச் சைக்கிள் விற்ற பையன் ஊரை விட்டுப் போய்விட்டான்' என்கிறோம். ஆங்கிலமோ 'த பாய் ஹூ சோல்ட் மி த சைக்கிள் லெஃப்ட் த டவுன்' என்கிறது. பையன் முதலில் வந்துவிடுகிறான், அவனைப் பற்றிய விவரம் அவனுக்குப் பின்னால் தொங்குகிறது, முக்கியமான வினை நடுவில் ஒளிந்திருக்கிறது. நீ 'சோல்ட்' என்பதைப் பிடித்துக்கொண்டு, பையன் சைக்கிள் விற்றான் என்று முடித்துவிடுகிறாய். 'லெஃப்ட்' உன் கைக்கு அகப்படுவதில்லை. நான்கு வரி நீளும் ஒரு வாக்கியத்தில் இப்படி மூன்று இடங்களில் நழுவினால் பத்தியே புகைமூட்டமாகிவிடுகிறது.

அதனால் பென்சிலை எடு. எவ்வளவு நீளமான வாக்கியமாக இருந்தாலும் இரண்டே கேள்விதான்: யார்? என்ன செய்தார்? அந்த இரண்டு சொற்களுக்கும் கீழே கோடு போடு. ஹூ, விச், தட் என்று தொடங்கும் விவரத்தை அடைப்புக்குள் தள்ளு. வாக்கியத்தின் எலும்புக்கூடு வெளியே வந்துவிடும். தினம் ஒரு பத்தி, பத்து வாக்கியங்கள். சில வாரங்களில் பென்சில் இல்லாமலே உன் கண் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளும். பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடு. படித்தது என்ன என்று முதலில் தமிழில் ஒரு வரி சொல். பிறகு அதையே ஆங்கிலத்தில் உன் சொந்தச் சொற்களில் எழுது. இப்படி மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, அதே பத்தியை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட நெடுநாள் மனதில் நிற்கிறது என்று 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டே காட்டியிருக்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் வாசிப்புத் தேர்வில் 60 நிமிடங்களில் 40 கேள்விகள். அங்கே 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்வியில் தவறுகிறவர்கள் பலரும் பத்தியில் இல்லாததைத் தங்கள் பொது அறிவிலிருந்து சேர்த்துக்கொண்டவர்கள். பத்தி சொன்னதை மட்டும் எடுத்துச் சொல்லிப் பழகியவனை அந்தக் கேள்வி ஏமாற்றாது.

சொற்களுக்கு வருவோம். கனத்த அகராதியைப் பார்த்து மலைக்காதே. 1920-களில் டாக்காவில் ஆசிரியராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்க முடியாமல் திணறுவதைக் கண்டவர். அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2000 தலைச்சொற்கள்தான். அவையும் அவற்றின் வடிவங்களுமே நீ சாதாரணமாகக் காணும் எந்த ஆங்கிலப் பக்கத்திலும் ஐந்தில் நான்கு பங்குச் சொற்களாக இருக்கும். அவற்றில் பாதியாவது உனக்கு இப்போதே தெரியும். பஸ்ஸிலும் கடைப் பலகையிலும் கைப்பேசியிலும் அன்றாடம் பார்க்கிறாயே! மீதியைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதே. வாசிக்கும் வாக்கியத்தோடு எடு. ஒரு சிறிய அட்டையின் ஒரு பக்கம் சொல்லும் அந்த வாக்கியமும், மறுபக்கம் பொருள். ஒரு பழைய செருப்புப் பெட்டியில் ஐந்து அறைகள் தடுத்துக்கொள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகட்டும். தவறினால் முதல் அறைக்கே திரும்பட்டும். முதல் அறையைத் தினமும் பார், கடைசி அறையை மாதம் ஒரு முறை பார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பரப்பிய முறை இது. கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஆய்வாளர் 1885-லேயே தன்னைத் தானே சோதித்து எழுதிவிட்டார். மறதி எல்லாருக்கும் பொது. மறந்துபோவதற்குள் இன்னொரு முறை தொட்டுவிடுகிறவன் ஜெயிக்கிறான்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரென் அண்ட் மார்ட்டினை மதிக்கிறேன். சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க அது நல்ல நூல். ஆனால் அதன் முதல் பக்கத்தில் தொடங்கி நௌன், ப்ரோநௌன் என்று இலக்கணத்தின் வழியாக மொழிக்குள் நுழையப் பார்த்தவர்களில் மிகப் பலர் வாசலிலேயே களைத்து நின்றுவிட்டார்கள். பயிற்சிக்கு ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' மேல். 1985 முதல் உலகமெங்கும் தாமாகவே படிப்பவர்கள் கையில் இருக்கும் புத்தகம். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, கடைசியில் விடை. அதைவிட முக்கியம் உன் சொந்த நோட்டு. 'டிட் நாட் வென்ட்', 'டிஸ்கஸ் அபவுட்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று நம்மவர்கள் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் தப்புகள் ஒரு கைப்பிடிதான். உன்னுடையவை எவை என்று கண்டுபிடி. தேதி போட்டு எழுது. பக்கத்தில் சரியான வடிவத்தை எழுது. அதை வைத்து மூன்று வாக்கியங்கள் உன் வாழ்க்கையிலிருந்து எழுது. 'எ', 'தி' இரண்டும் கடைசிவரை தொல்லை கொடுக்கும், ஏனென்றால் தமிழில் 'தி'க்கு நிகரே இல்லை. அதற்காக வாய் திறக்காமல் இருக்காதே. அந்தப் பிழையோடு நீ சொல்வது எவருக்கும் புரியும்.

முப்பது நாளில் ஆங்கிலம் என்று ஊரெங்கும் விளம்பரம். நம்பாதே. அடிப்படையிலிருந்து பி2 என்ற நிலைக்கு, அதாவது படிக்கவும் வேலை பார்க்கவும் போதுமான நிலைக்கு வர, சுமார் 500 முதல் 600 மணி நேர வழிகாட்டல் பயிற்சி வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறை மதிப்பிடுகிறது. முப்பது நாளில் 600 மணி என்றால் நாளொன்றுக்கு இருபது மணி நேரம்! எவனால் ஆகும்? ஆனால் தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டுகள்கூட ஆகாது. நீயோ அடிப்படையிலிருந்து தொடங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பாடம் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்பினால் போதும். ஒரு மணி நேரம் கிடையாது என்று மட்டும் சொல்லிவிடாதே. ரீல்ஸ் பார்க்கக் கிடைக்கிற மணி இதற்கும் கிடைக்கும்.

அப்புறம் வெட்கம். இதுதான் உன்னை உண்மையில் கொன்றுகொண்டிருக்கிறது. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களாம்! இன்றைய உக்ரைனில் உள்ள பெர்டிச்சிவ் என்ற ஊரில் 1857-இல் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தார் ஜோசப் கான்ராட். இருபது வயது வரை அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிரிட்டிஷ் கப்பல்களில் மாலுமியாக வேலை பார்த்தபடியே கற்றார், வாசித்தார், அதிகாரித் தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதித் தேறினார். 1895-இல் முதல் நாவல் வந்தது. இன்று ஆங்கில இலக்கியத்தின் பெரும் நாவலாசிரியர்கள் வரிசையில் அவர் பெயர் நிற்கிறது. சாகும்வரை அவர் பேச்சில் போலிஷ் வாடை அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எழுதியதை அது தடுத்ததா? நம் சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவர். ஓராண்டு வீட்டில் இருந்து வாசித்தார், எழுதினார். அடுத்த முறை தேறினார். 1935-இல் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வந்தது. உன் தப்பைக் கேட்டுச் சிரிப்பவனைத் திரும்பிப் பார். அவனுக்கு எத்தனை மொழி தெரியும்? நீ இரண்டாவது மொழியில் வாய் திறந்துவிட்டாய். சிரிப்பு அவனோடு இருக்கட்டும், அடுத்த வாக்கியத்தைச் சொல்.

காசு இல்லை என்பதும் காரணமாகாது. பொது நூலகச் சட்டத்தை 1948-இலேயே இயற்றிய மாநிலம் இது. வீட்டு வரியோடு நம் பெற்றோர் செலுத்திய நூலக வரியில்தான் உன் ஊர்க் கிளை நூலகம் திறந்திருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் மாளிகை போல நூலகங்கள் நிற்கின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த ஆங்கிலக் கதைகள் இலவசம். பிபிசி 1943 முதல் ஆங்கிலம் கற்பித்து வருகிறது. அதன் ஆறு நிமிட ஒலிப் பாடங்கள் எழுத்துப் பிரதியோடு கிடைக்கின்றன.

எதை எடுப்பது என்று தயங்காதே. பக்கத்துக்கு ஐந்தாறு சொற்களுக்குமேல் தெரியவில்லையா, அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு அதைவிட எளியதை எடு. குழந்தைப் புத்தகமா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று நிமிர்ந்து சொல். இன்று இரவு படுக்கும் முன் ஒரே ஒரு பக்கம், பக்கத்து அறைக்குக் கேட்கும் குரலில், வாய்விட்டு வாசி. நாளைக்கு இரண்டு பக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு, அதன் பெயரையும் முடித்த தேதியையும் உன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுது. அடுத்த புத்தகத்துக்கு அதற்குக் கீழே இடம் விட்டுவை.