வடிகட்டியில் தங்குவது

பௌத்தத் துறவி தன்னுடன் வைத்திருக்க வேண்டிய எட்டுப் பொருள்களுள் நீர் வடிகட்டியும் ஒன்று. அதற்கான விதிகள் துறவியர் ஒழுக்க நூலான வினய பிடகத்தில் உள்ளன. வாய்மொழியாக வந்த பிடகங்கள் கி.மு. 1ஆம் நூற்றாண்டில், இலங்கையில் வலகம்பா மன்னன் காலத்தில், மாத்தளை நகருக்கு வடக்கேயுள்ள அலுவிகாரைக் குகைகளில் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு கூறுகிறது.

அந்த வடிகட்டி குடிப்பவரின் உடல்நலம் கருதி ஏற்பட்டதன்று. உயிர்கள் இருப்பதை அறிந்தே அந்நீரைக் குடிப்பதும் அதைப் புல்லிலோ மண்ணிலோ ஊற்றுவதும் குற்றம் என்கிறது வினயம். அதற்காக மனிதரை மறந்துவிடவும் இல்லை. வழிப்பயணத்தில் மனக்கசப்பால் ஒரு துறவி வடிகட்டியை இரவல் தர மறுக்க, கேட்டவர் தாகத்தால் இறந்த செய்தியை வினயத்தின் ஒரு பகுதியான சுள்ளவக்கம் பதிவுசெய்கிறது. கேட்டால் மறுக்கக்கூடாது, வடிகட்டி இல்லையெனில் மேலாடையின் நுனியால் வடித்துக் குடிக்கலாம் என்ற விதிகள் அதன்பின் வந்தவை. வடித்தபின் துணியில் தங்கிய உயிர்களைத் திரும்ப நீரில் விடும் முறையை 7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி இ-சிங் விவரித்திருக்கிறார். சமணரிடமும் இவ்வழக்கம் உண்டு. தங்கியது எங்கே போக வேண்டும் என்பதும் வடிகட்டலில் அடங்கியிருந்தது.

இன்றைய வடிபொருள்கள் இக்கேள்வியைக் கடினமாக்குகின்றன. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வுற்ற கரியின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. சாயமும் பூச்சிகொல்லியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. எதிர் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையின் சவ்வு கரைந்த உப்பையே தடுத்துவிடும். ஆனால் சவ்வோ கரியோ உலோகத்தையோ உப்பையோ அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகின்றன, அவ்வளவுதான். நிறைந்துபோன கரியை உயர் வெப்பத்தில் புதுப்பிக்க வேண்டும், அல்லது எங்கேனும் கொட்ட வேண்டும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிய இலங்கையின் உலர்வலயக் கிராமங்களில் ஆர்.ஓ. நிலையங்கள் பெருகின. மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவும் அந்நோய் கண்ட பகுதி. அங்குள்ளோருக்குத் தூய குடிநீர் வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. எனினும் ஒவ்வொரு நிலையமும் நல்ல நீரோடு உப்பு செறிந்த கழிவுநீரையும் தருகிறது. துணியில் தங்கிய புழுவைப்போல் இதை எடுத்த இடத்திலேயே விட்டுவிட முடியாது. விட்டால் கிணற்று நீர்தான் கெடும்.

இங்கே வினயத்தின் ‘அறிந்தே’ என்ற நிபந்தனை கூர்மையாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைக் குடித்துவிட்ட துறவிமீது குற்றமில்லை. இதில் சமணம் இன்னும் கடுமையானது. தேரவாத பௌத்தமோ எண்ணத்தையே அளவுகோலாகக் கொண்டது. அதே அளவுகோல் ஆர்.ஓ. நிலையத்தை நடத்துபவரைத் தப்பவிடாது. எவ்வளவு செறிவு நீர் வெளியேறுகிறது, எந்த வாய்க்காலில் சேர்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாத்தளையின் சுது கங்கையில் விடப்படுவது அம்பன் கங்கை வழியே மகாவலியைச் சேரும் என்பது வரைபடத்திலேயே இருக்கிறது. அறியாமல் நேர்ந்தது என்ற விலக்கு அவருக்குப் பொருந்தாது.