நம்மவன் என்றால்?

1961-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ட்வைலைட் சோன்’ தொடரில் ‘தி இன்வேடர்ஸ்’ என்றொரு கதை. தனியே வாழும் ஏழைப் பெண். கூரைமேல் பறக்கும் தட்டு ஒன்று இறங்குகிறது. சாணளவு உருவங்கள் அவளைச் சுட்டும் கீறியும் வதைக்கின்றன. ஒன்றை அவள் அடித்துக் கொன்றபோது, ‘நன்றாகச் செய்தாய்!’ என்றது என் நெஞ்சம்.

இறுதியில், அவள் கோடரியால் பிளக்கும் கப்பலில் எழுத்துத் தெரிகிறது: அமெரிக்க விமானப்படை. வந்தவர்கள் மண்ணுலக மனிதர்கள். அவளே வேற்றுலக அரக்கி! ‘ஐயோ, கொன்றுவிட்டாளே!’ என்று அதே நெஞ்சம் பதறியது.

அவள் செயல் மாறவில்லை. மாறியது பெயர் மட்டுமே. அப்படியானால் நான் பார்த்தது நியாயத்தையா, உறவையா? அழையாமல் புகுந்து தாக்கியவன், நம்மவனானாலும் தாக்கியவனே. அவள் பக்கம் நின்றதற்கு நான் வருந்தவில்லை. விலகிய அந்தக் கணத்திற்கே வெட்கப்படுகிறேன்.