நோட்டு எதற்கு?

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பும். செலவைக் குறைக்க நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு பொது, மொய் நோட்டு மட்டும் ஆளுக்கொன்று. எழுத உட்காருபவர் ஊரைக் கேட்பார், பெயரைக் கேட்பார், தொகையை எழுதுவார். முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்பவர் அதற்கு மேல் புதுநடையாகவும் கொஞ்சம் வைப்பார். இப்போது கணினியில் பதிந்து ரசீது தருவதும் வந்துவிட்டது.

விருந்து முடிந்ததும் அந்த நோட்டு பரணுக்குப் போய்விடாது. எந்த வீட்டுப் பத்திரிகை வந்தாலும் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் செய்முறை முடிவாகும். எதற்காக எழுதுகிறோம் என்பது எழுதும்போதே வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வாடிக்கையாளர் விவரங்களுக்காகச் சி.ஆர்.எம். மென்பொருள் வாங்கும் பல நிறுவனங்களில் இந்தத் தெளிவு இல்லை என்பது என் வருத்தம். நம் சோஹோ 2005-லேயே சி.ஆர்.எம். கொண்டுவந்துவிட்டது, இன்று சிறு கடைக்காரரும் வாங்கிவிடலாம். வாங்கியபின் இலக்கு என்ன என்று கேட்டால், “ஆயிரம் பேரைப் பதிவு செய்ய வேண்டும்” என்கிறார்கள். அது வேலையின் அளவு, இலக்கு அல்ல. போன தீபாவளிக்கு வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தத் தீபாவளிக்கும் வந்தார்கள்? புகார் சொன்னவருக்கு மறுநாளைக்குள் பதில் போனதா? இப்படிக் கேட்டால்தான் எந்த விவரம் தேவை, எது வீண் சுமை என்பது பிடிபடும். இல்லையென்றால், நாளெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு வரும் விற்பனையாளர் மென்பொருள் கேட்கும் முப்பது கட்டங்களையும் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டுப் போவார்.

இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கீரமங்கலம், வடகாடு பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன்பின் மொய் வரவும் குறைந்தது. யார் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை நோட்டு சொல்லும். அவர் தோப்பு விழுந்து கிடப்பதைச் சொல்லாது. கடையிலும் அப்படித்தான்: வாங்குவதை ஒரு வாடிக்கையாளர் நிறுத்திவிட்டால், அவர் நிலைமை என்ன என்று விசாரித்து எழுதுவதும் இலக்கில் சேர வேண்டும்.

மென்பொருள் விற்பவரை வரச்சொல்வதற்கு முன், உங்களுக்கு விடை தெரிய வேண்டிய இரண்டு கேள்விகளை எழுதி வையுங்கள். எழுதும்போது, வாடிக்கையாளர் வாசலுக்குத் தினமும் போய்வரும் ஊழியரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.