இறங்குவதிலும் உண்டு அறம்

தகுதியற்றவன் பதவியைப் பற்றிக்கொண்டிருப்பது தவறு என்பதில் இரண்டு கருத்து இல்லை. நல்லவன் ஒருவன் ‘என்னால் ஆகாது’ என்று இடையில் இறங்கினால் அது துறவா, கடமை தவறுதலா?

1292-இல் போப் நான்காம் நிக்கோலஸ் இறந்தபின் இரண்டு ஆண்டுக்கு மேல் கர்தினால்களுக்குள் இணக்கம் வரவில்லை. 1294 ஜூலையில், மலையில் தவமிருந்த பியெத்ரோ என்னும் முதிய துறவியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாம் செலஸ்டின் ஆன அவருக்கு நிர்வாகம் பிடிபடவில்லை. நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லஸின் கை ஓங்கியது; புதிய கர்தினால்களில் பலர் மன்னருக்கு வேண்டியவர்கள். டிசம்பர் 13-இல் செலஸ்டின் விலகினார். அடுத்து வந்த எட்டாம் போனிஃபேஸ் அவரைக் கோட்டையில் அடைத்தார். 1296-இல் காவலிலேயே உயிர் போனது. கோழைத்தனத்தால் பதவி துறந்தவன் என்று தாந்தே பெயர் சொல்லாமல் பழித்தது இவரைத்தான் என்பர் உரைகாரர் பலர். திருச்சபையோ 1313-இல் புனிதர் பட்டம் தந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் தயங்கியவரே. பாண்டியன் அவைக்குப் போ என்று பெருமாள் கனவில் பணித்தபோது, மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய கையைக் காட்டியா வெல்வது என்று கேட்டாராம். போனார், பொற்கிழி வென்றார், நந்தவனத்துக்கே திரும்பினார். அவர் ஏற்றது முடிவுள்ள ஒரு பணி. பக்கத்து ராஜபாளையத்தின் பி. எஸ். குமாரசுவாமி ராஜா 1949 முதல் சென்னை மாகாண முதலமைச்சர். 1952 தேர்தலில் தோற்றதும் விலகினார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அவரை இறக்கியது வாக்குச்சீட்டு.

செலஸ்டினுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. ஆயுள் முழுவதுக்குமான பதவி. இறக்கிவிட யாரும் இல்லை. தாமேதான் இறங்க வேண்டும். சட்டம் அறிந்தவர்களைக் கலந்து, போப் பதவி விலகலாம் என்று ஆணை பிறப்பித்துவிட்டே இறங்கினார். ஓடிப்போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு வழி செய்து வைப்பதில்லை. 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் விலகியபோதும் உலகம் நினைத்தது இவரைத்தான்.

ஆனால் விலகல் எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடாது. மன்னருக்கு இணங்கி அமர்த்திய கர்தினால்கள் அவர் போனபின்னும் இருந்தார்கள். அவரிடம் குறை உண்டென்றால் அது இறங்கியதில் இல்லை, இருந்த ஐந்து மாதத்தில் மறுக்க வேண்டியதை மறுக்காததில் இருக்கிறது. பதவியை மறுக்கும் துணிவு பெரிதுதான். பதவியில் இருந்துகொண்டே வேண்டியவர்களை மறுக்கும் துணிவு அதனினும் பெரிது. அது இல்லாத நல்லவர் சீக்கிரம் இறங்குவதே ஊருக்கு நல்லது.