பூவாளியை யார் தூக்குவது?



மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததுமே பல வீடுகளில், “இனிமே மாடிப் பக்கம் போகாதேம்மா” என்று சொல்லிவிடுகிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் மாடித் தோட்டத்தில் விதை போட்டு, நாற்று நட்டு, வெண்டையும் கத்தரியும் காய்க்கவைத்தவளுக்கு அந்தச் சொல் வலிக்கும். வேறு சில வீடுகளில் யாரும் தடுப்பதில்லை; ஏழாம் மாதத்திலும் தண்ணீர் தூக்குவது அவள்தான். இரண்டும் சரியில்லை. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் அது வேறு. மற்றபடி அவள் தன் செடிகளைப் பார்க்கப் போகட்டும். பாரம் தூக்குவதும் அழுக்கு வேலையும் மற்றவர்கள் கைக்கு மாறட்டும்.

பத்து லிட்டர் பூவாளி நிரம்பினால் பத்துக் கிலோவுக்கு மேல். நனைந்த மண்பை அதைவிடக் கனம். வயிறு பெரிதாகப் பெரிதாக உடம்பின் சமநிலையும் மாறுகிறது. பாசி பிடித்த மாடித் தரையில் கால் வழுக்கினால் என்ன ஆகும்? குழாயில் ஒரு ஹோஸ் மாட்டிக் கொடுங்கள். தரையைத் தேய்த்துவிடுங்கள். முருங்கைக்கீரை பறிக்கத் தொரட்டியோடு அண்ணாந்து நிற்கும் வேலையும் அவளுக்கு வேண்டாம். மருந்து தெளிப்பது எதுவானாலும் வேறொருவர் தெளிக்கட்டும். மசக்கை நாட்களில், செடிகளுக்கு விடும் மீன் அமிலம், பஞ்சகவ்யம் வாடையே குமட்டும். அந்த மாதங்களில் மூடியைத் திறக்காதிருப்பது நல்லது.

பூனை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கீரை விதைக்கப் பொலபொலவென்று கிளறி வைத்த தென்னை நார்க்கழிவுப் பை இருக்கிறதே, தெருப்பூனைக்கு அது மிகவும் பிடித்த இடம். இரவில் வந்து தோண்டி, மலம் கழித்து, நேர்த்தியாக மூடிவிட்டுப் போய்விடும். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். ஈர மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெரியவர்கள் பலருக்கு அது தொற்றியதே தெரியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால், வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். இதற்காகப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. பைகளின் மேல் வலை போடுங்கள். மண்ணைத் தொடும்போது கையுறை, தொட்ட பின் சோப்பு. பறித்த கீரையை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். அவ்வளவுதான்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைத்தான் நான் இன்னும் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். அதில் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீராது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். வாரம் ஒருமுறை ஓரத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து கூடுதல்.

முருங்கையும் முளைக்கீரையும் வீட்டிலேயே கிடைப்பது கர்ப்பிணிக்குப் பெரிய வரம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை ஈடாகாது. கீரையும் சாப்பிட வேண்டும், மாத்திரையும் போட வேண்டும். அதோடு சேர்த்து டீ, காபி மட்டும் குடிக்க வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அவை தடுக்கும்.

வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீடு போகும்போதுதான் பல தோட்டங்கள் வாடிப்போகின்றன. எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கணவர் ஆசையாகத் தினமும் ஊற்றி, ரோஜாவின் வேரை அழுகவிட்டிருப்பார். அதனால் ஐந்தாம் மாதத்திலிருந்தே அவரும் கூட நின்று பழகட்டும். விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்க்கவும், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றவும் அவள் சொல்லிக் கொடுக்கட்டும். குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டிய தக்காளியைக் கடைசி மாதங்களில் புதிதாக வைக்க வேண்டாம். கறிவேப்பிலை, முருங்கை, கொடிப்பசலை இருந்தால் போதும்; ஓரிரு நாள் கவனிக்க ஆளில்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். குழந்தையோடு அவள் திரும்பி வரும்போது பத்தியச் சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை வீட்டிலேயே இருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கணவர்களே, மாமனார் மாமியார்களே, இன்று வேலைக்குக் கிளம்பும் முன் மாடிக்குப் போய், தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பூவாளியை இன்றிலிருந்து நீங்கள் தூக்குங்கள்.